கோயில் மலையிலிருந்து பார்த்தால்

"சோறு போடாத அழகைப் பற்றி வாத்தியாருக்கு ஏன் இத்தனை கவலை?" என்று சாமான் கடையில் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். கெடா மாநிலத்தில் நான் பணியாற்றும் தோட்டத்தின் வடக்கெல்லையில், 200 ஏக்கருக்கும் மேற்பட்ட செம்பனையைச் சாய்த்துவிட்டுச் சூரிய மின்தகடுகளைப் பதித்திருக்கிறார்கள். அடுத்து, லயத்துக்கு எதிரே, முருகன் கோயில் மலையடியில் உள்ள காட்டிலும் அவை வரப் போகின்றன. வேலை என்னாகும், வீடு என்னாகும் என்பதே நம் மக்களின் முதல் கவலை. தகடுகளைப் பதித்து முடித்தபின், புல் வெட்டவும் கழுவவும் காவலுக்கும் சிலரே போதும். அதைத் தொழிற்சங்கம் பேசட்டும். நாள்தோறும் கண்ணெதிரே இருப்பது மாறப் போவதைப் பற்றியும் ஒருவர் பேச வேண்டாமா?

வருவதெல்லாம் அவலட்சணம் என்று சொல்லிவிட நான் தயாராயில்லை. நாம் இயற்கை என்று நினைப்பதில் பாதி, யாரோ நட்டதுதான். பால்மரமே பிரேசில் நாட்டுப் பிள்ளை. 1877-இல்தான் அதன் கன்றுகள் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்து சேர்ந்தன. என் தாயார் வெட்டிய பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை வைத்தபோது, "காடே இருண்டு போச்சு" என்று லயத்துப் பாட்டிமார்கள் புலம்பினார்கள். இன்று என் மாணவர்களை இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் செம்பனையைத்தான் வரைகிறார்கள்! கேமரன் மலைக்குப் போய் ரிங்லெட் ஏரிக்கரையில் நின்று படம் பிடித்துக்கொண்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அதுவும் மின்சாரத்துக்காக 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணை தேக்கிய நீர்தான். (மேட்டு மண் கரைந்து வந்து அது தேத்தண்ணி நிறமானது வேறு கதை.)

ஆகவே அழகா, அவலட்சணமா என்று வாதாடுவதைவிட, யார், எங்கிருந்து, எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று கேட்பதே முறை. இதைக் கணிப்பதில் தேர்ந்தவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். மேடு பள்ளம் காட்டும் வரைபடத்தை வைத்துக்கொண்டு, எங்கெங்கிருந்து தெரியும் என்று குறிக்கிறார்கள். சில இடங்களில் நின்று படம் பிடித்து, வரப் போவதை அதன்மேல் பொருத்திப் பார்க்கிறார்கள். காரில் கடந்து போகிறவரைவிட, வீட்டிலிருந்து நாள் முழுதும் பார்ப்பவரின் கண்ணுக்கே அதிக மதிப்பு என்பது அவர்கள் கைக்கொள்ளும் வழக்கம்.

தமிழகத்தில் கன்னியாகுமரிக்குப் போய் வந்தவர்கள் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். மலைக்கு முன்னால் சுழலும் அவற்றை எந்த மரமும் மறைக்காது. சூரியத் தகடு அப்படியல்ல; அது தரையோடு ஒட்டியே கிடப்பது. சமதரையில் நின்றால் முதல் வரிசைதான் தெரியும். வேலியோர மரங்கள் அதையும் மறைத்துவிடும். மேட்டில் ஏறினால்தான் முழுப் பரப்பும் கண்ணில் விழும்.

எங்கள் வழக்கும் இங்கேதான் இருக்கிறது. படம் எடுக்க வந்த இளைஞர்கள் பெரிய சாலையிலும் தோட்ட வாசலிலும் நின்று எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். அங்கிருந்து ஒன்றுமே தெரியாது. பால் வெட்டிக் கை காய்த்துப்போன பாட்டி ஒருவர், "தம்பி, கோயிலுக்கு ஏறிப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். நேரமில்லை என்றார்கள்.

மறுவாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை லயத்து அஞ்சடிக்கும், பள்ளித் திடலுக்கும், கோயில் படிக்கும் அழைத்துப் போனேன். காலையிலும் மாலையிலும் கண்ணில் படுவதை வரையச் சொன்னேன். "சார், தகடு மின்னுமா?" என்றான் ஒரு பையன். ஒளியை விழுங்கவே செய்த கறுப்புத் தகடு அது. உச்சி வெயிலில் துத்தநாகக் கூரையை விடக் குறைவாகவே மின்னும். ஆனால் சூரியன் தாழ்ந்து சாய்வாக அடிக்கும்போது ஒளி எதிர்ப்பக்கம் தெறிக்கும். எங்கள் மலை அந்தக் காட்டுக்குக் கிழக்கே இருப்பதால், மாலைப் பூசை வேளையில் படியில் நிற்பவருக்குக் கண் கூசலாம்.

பிள்ளைகளின் படங்களை இணைத்து மனு எழுதினோம். கோயில் படியிலிருந்தும் படம் எடுத்து அறிக்கையில் சேர்க்க வேண்டும். லயத்துப் பக்கம் மூன்று வரிசை மரமாவது நிற்க வேண்டும். நிழல் விழுந்தால் மின்சாரம் குறையும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். உண்மைதான். அப்படியானால் ஒரு லாரிப் பாதை அகலம் இடம் விட்டுக் குட்டை மரமாக நடலாமே என்றோம். 2016-இல் இந்நாட்டில் தொடங்கிய பெருந்திட்டங்களின் முதற்சுற்றுகளில் மின்சார ஒப்பந்தம் 21 ஆண்டு. ஏறக்குறைய ஒரு பால்மரத்தின் ஆயுள்! அந்தக் கணக்குப்படி, ஒன்றாம் ஆண்டில் படிக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒப்பந்தம் முடியும்போது 28 வயதாகிவிடும்.

கிராணி மனுவை வாங்கி முத்திரை குத்திக் கொடுத்தார். பதில் இன்னும் வரவில்லை. பங்குனி உத்திரத்துக்கு நிர்வாகத்தாரை அழைத்திருக்கிறோம். பூசை மாலை ஐந்தரைக்கு.