பந்தாய் பள்ளத்தாக்கில் ஒரு பகலும் ஓர் இரவும்

ஆறாம் படிவத்தில் பிள்ளை படிக்கும் வீடா உங்கள் வீடு? மெட்ரிகுலேஷன் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் மகனோ மகளோ இருக்கிறார்களா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அப்பா வேலை முடிந்து வந்ததும் அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போக ஒரு மாதத்துக்கு முன்பே ஏற்பாடு செய்பவர்கள் நாம். ஒரு வாடகை வீடு பார்க்கப் போனாலும், தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்கிறோம். ஆனால் பிள்ளை மூன்று நான்கு வருஷம் தங்கிப் படிக்கப்போகும் இடத்தை மட்டும், பதிவு நாளன்று பெட்டி படுக்கையோடு போய் இறங்கும்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறோம். இது சரியா என்று எண்ணிப் பாருங்கள்.

சில வீடுகளில் இதைவிட வேதனையானதும் நடக்கிறது. இடம் கிடைத்த கடிதம் வரும். "அவ்வளவு தூரத்தில், தெரியாத ஊரில், வயசுப் பெண்ணை எப்படி விடுவது?" என்று அம்மா அழுவார். அப்பா பேசாமல் இருப்பார். நாள் கடந்துவிடும். பிள்ளை பக்கத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விடும். பார்க்காத இடம் எப்போதும் பயமாகத்தான் இருக்கும். ஆகவே விண்ணப்பப் பாரத்தை நிரப்புவதற்கு முன்பே ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள். ஓர் இரவு தங்குமாறு போங்கள். தாயோ தகப்பனோ ஒருவர் கட்டாயம் உடன் போக வேண்டும். இரண்டு நாள் சம்பளம் போகும்தான், ஆனாலும் வீண்போகாது.

எங்கே போவது? உதாரணத்துக்கு, கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்துக்கே போவோம். கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் வருபவர்களுக்கு இ.டி.எஸ். ரயில் வசதி. சுங்கை பட்டாணியிலோ ஈப்போவிலோ ஏறினால் கே.எல். சென்ட்ரலில் இறங்கலாம். அங்கே கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி. ரயிலுக்கு மாறுங்கள். பங்சார், அப்துல்லா ஹுக்கும், கிரிஞ்சி ஆகியவற்றைத் தாண்டி நான்காவதாக வருவது யுனிவர்சிட்டி நிலையம். அங்கிருந்து வளாகத்துக்குள் போக பஸ் உண்டு.

புறப்படும் முன் செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக விடுமுறையில் போகாதீர்கள்; வளாகம் வெறிச்சோடிக் கிடக்கும். வியாழக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்து, வெள்ளிக்கிழமை காலையில் ஆபீஸ் வேலைகளை முடிப்பது ஒரு நல்ல வழி. ஆனால் வெள்ளிக்கிழமை நண்பகல் 12.15க்கு மேல் தொழுகை நேரம், ஆபீஸ் மூடியிருக்கும். பாடத்துறைக்கு முன்கூட்டியே போன் செய்து, வரப்போவதாகச் சொல்லுங்கள். உங்கள் பள்ளியில் படித்து இப்போது அங்கே இருக்கும் அண்ணனையோ அக்காவையோ தேடிப் பிடியுங்கள். ஆசிரியரிடம் கேட்டால் யாராவது ஒருவர் பெயர் கிடைக்கும்.

இரவு எங்கே தங்குவது? மாணவர் விடுதிகளில் அனுமதியில்லாமல் வெளியார் தங்க முடியாது. பிள்ளையை மட்டும் தெரிந்த மாணவியுடன் தங்கவைக்க நினைத்தாலும், முதலில் விடுதி ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் செந்தூலிலோ பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ நமக்கு ஒரு சித்தப்பாவோ அத்தையோ இல்லாமலா போவார்கள்? பிரிக்பீல்ட்ஸ் கே.எல். சென்ட்ரலை ஒட்டியே இருக்கிறது. சிறு ஹோட்டல்களும் உண்டு.

பையில் என்ன வைப்பது? அடையாளக் கார்டு, பள்ளிச் சான்றிதழ்களின் நகல், ஒரு நோட்டு, பேனா, குடை, தண்ணீர்ப் போத்தல். கைலியும் சிலிப்பரும் உறவினர் வீட்டோடு இருக்கட்டும். ஆபீசுக்குப் போகும்போது நீண்ட கால்சட்டையும் சப்பாத்தும் அணியுங்கள். பெண்பிள்ளைக்குப் பஞ்சாபி உடை போதும். வளாகத்தில் மேடும் பள்ளமும் அதிகம். நடந்து பழகிய சப்பாத்தாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். வழியில் சாப்பிட எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு போனால் செலவு மிச்சம்.

வியாழக்கிழமை சாயங்காலம் வளாகத்தைச் சுற்றிப் பாருங்கள். வாயிலில் பாதுகாவலர் கேட்டால், வந்த காரியத்தைச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஏரிக்கரையும் மரங்களும் மனத்துக்கு இதமாக இருக்கும். 1966இல் திறக்கப்பட்ட துங்கு வேந்தர் மண்டபத்தைப் பாருங்கள். பட்டமளிப்பு விழாக்கள் நடந்த இடம் அது. ரிம்பா இல்மு என்ற தாவரத் தோட்டமும் உள்ளே இருக்கிறது. 1974இல் அமைக்கப்பட்டது, ஏறக்குறைய 80 ஹெக்டர். ஒரு காலத்தில் அதுவும் பால்மரம் நின்ற நிலம்தான்.

இருட்டியதும் உடனே திரும்பிவிடாதீர்கள். ஓர் இரவு தங்குமாறு சொன்னதே இதற்காகத்தான். பகலில் எந்த இடமும் அழகாகத் தெரியும். பிள்ளை நூலகத்திலிருந்து விடுதிக்குத் திரும்பும் பாதையில் விளக்கு எரிகிறதா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? சாப்பாட்டுக் கடை எப்போது மூடுகிறார்கள்? ஆண்களுக்கும் பெண்களுக்கும் விடுதிப் பகுதிகள் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கின்றன? அந்த அக்காவோடு நடந்தே பாருங்கள். வீட்டில் அம்மாவுக்குத் தூக்கம் கெடுக்கும் கேள்விகளில் பாதிக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

மறுநாள் காலையில் பசியாறிவிட்டுப் பாடத்துறைக்குப் போங்கள். கேட்க வேண்டியதை முதல் நாள் இரவே நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாடத்துக்கு எந்தப் பாடங்களில் நல்ல மதிப்பெண் வேண்டும்? முதல் வருஷத்துக்குப் பிறகும் விடுதியில் இடம் கிடைக்குமா? ஒரு தவணைக்குக் கட்டணம் எவ்வளவு? முடித்தவர்கள் என்ன வேலைக்குப் போயிருக்கிறார்கள்? மாணவர்களிடம் சாப்பாட்டுச் செலவைக் கேளுங்கள். பி.டி.பி.டி.என். கல்விக்கடன் 1997இல் ஏற்பட்டது. அதற்கு எப்போது, எப்படி விண்ணப்பிப்பது என்றும் விசாரியுங்கள். கேள்வியைப் பிள்ளையே கேட்கட்டும். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் போதும்.

"நம்மைப் போன்றவர்களுக்கெல்லாம் இந்த இடமா?" என்று வாயிலருகே கால் தயங்கும். அந்தத் தயக்கம் வரும்போது ஒரு செய்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அங்கே 1956இல் இந்திய இயல் துறை உருவானது. பின்னர் அது கோலாலம்பூருக்கு வந்தது. அத்துறையில் தமிழ் நிலைபெற வேண்டும், தமிழ் நூல்கள் சேர வேண்டும் என்று, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். சாதாரண உழைப்பாளிகளும் தங்களால் இயன்ற வெள்ளியைக் கொடுத்தார்கள். அத்துறைக்குத் தலைமை ஏற்ற தனிநாயக அடிகள் முன்னின்று, 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை நடத்திய சிறுகதைப் போட்டிகளின் கதைகள் 'பேரவைக் கதைகள்' என்று நூல்களாக வந்திருக்கின்றன. உங்கள் தாத்தாவோ பாட்டியோ ஒரு வெள்ளி கொடுத்திருக்கலாம். தலை நிமிர்ந்து உள்ளே போங்கள்.

பார்த்துவிட்டு வந்தபின், இந்த இடம் பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் கோபிக்காதீர்கள். அதுவும் நல்ல பதில்தான். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆசிரியராக விரும்பினால் தஞ்சோங் மாலிமில், 1922இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. தெரிந்து ஒதுக்குவது வேறு, பயந்து ஒதுங்குவது வேறு.

பாரத்தில் வரிசைப்படி இடங்களை நிரப்பும் நாளில் குடும்பமே உட்கார்ந்து பேசுங்கள். உடன் போய் வந்தவர் அம்மாவானால், அவர் சொல்வதை முதலில் கேளுங்கள். விளக்கு எரியும் பாதையைக் கண்ணால் பார்த்து வந்தவர் அவர்.