நாய்களுக்கு ஒரு விடுதி

எங்கள் தெருக் காலி மனையில் நாய் விடுதி வரப் போகிறதாம்! எஜமானர்கள் ஊருக்குப் போனால் நாய்கள் அங்கே தங்குமாம். மேல் வீட்டுப் பாட்டிக்கு ஏற்கெனவே தூக்கம் அரிது. நாய்களைக் குறை சொல்வதற்கில்லை. எஜமானரைப் பிரிந்த ஜீவன் இரவில் சும்மா இருக்குமா? ஒன்று அழுதால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும்.

நாளைக்கு உங்கள் தெருவிலும் இது நேரலாம், சகோதரிகளே! சண்டைக்குப் போகாதீர்கள், கேள்விகளோடு போங்கள். எத்தனை நாய்கள்? இரவில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா? கூண்டு கழுவிய தண்ணீர் எங்கே போகும்? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. அதைக் குறிப்பிட்டு, தெருவார் எல்லோரும் கையெழுத்திட்டு, மாநகராட்சியில் இப்போதே மனுக் கொடுங்கள். கட்டடம் எழும்பிய பிறகு வழக்கென்று போனால் வருஷக்கணக்கில் இழுக்கும். பாட்டியின் தூக்கம் அதுவரை காத்திருக்குமா?