மிதி... மிதி... மயிலம்!

விழுப்புரத்துக்காரனிடம் "உங்க ஊர்ல என்ன விசேஷம்?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு "ஜங்ஷன்" என்பான். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் தண்டவாளம். அதாவது, இங்கிருந்து வேறு ஊருக்குப் போய்விடலாம் என்பதுதான் எங்கள் ஊரின் பெருமையே!

நானும் போனேன். சைக்கிளில். மயிலத்துக்கு.

எல்லாம் திண்டிவனத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்காரரால் வந்த வினை. போன தடவை வந்தபோது என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் மாப்ளே, சட்டைக்கு பட்டன் தைக்கிறியா, பூட்டு போடறியா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சும்மா இருங்க மாமா. எங்கப்பா என்னை முன்னால பார்ல உக்கார வெச்சுக்கிட்டு மயிலம் மலைக்கே மிதிச்சவரு. அந்த ரத்தம் இது!"

"ரத்தம் சரி. அதுல சுகர் எவ்ளோ?"

பந்தயம் கட்டியாகிவிட்டது. கால் ஊன்றாமல் மலை ஏறிவிட்டால் அவர் செலவில் பிரியாணி. ஊன்றிவிட்டால் என் செலவில்.

அப்பாவின் அட்லஸ் சைக்கிளைத் தூசி தட்டி, ஓவராலிங் செய்து, எண்ணெய் போட்டு எடுத்தேன். அட்லஸ் கம்பெனி தன் கடைசித் தொழிற்சாலையில் வேலையை நிறுத்தியது 2020 ஜூன் 3. ஐ.நா. சபை 2018-ல் உலக சைக்கிள் தினமாக அறிவித்த அதே தேதி! கம்பெனி நின்றாலும் அப்பாவின் வண்டி நிற்கவில்லை. கொஞ்சம் முனகுகிறது, அவ்வளவுதான். நானும்தான்.

விழுப்புரத்திலிருந்து மயிலம் சுமார் 30 கிலோமீட்டர். விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் கார்களெல்லாம் ஃபாஸ்டேக்கைக் காட்டிக் காசை இழந்துகொண்டிருக்க, நான் மட்டும் ஓரமாகப் பைசா செலவில்லாமல் தாண்டினேன். நாலு வழிச் சாலையில் சைக்கிளுக்குக் கிடைக்கிற ஒரே மரியாதை இதுதான். மற்றபடி ஒவ்வொரு பஸ்ஸும் லாரியும் உரசாத குறையாகப் போய், காற்றாலேயே நம்மைத் தள்ளிவிடப் பார்க்கிறது.

ஒரு காலத்தில் இந்த ஜி.எஸ்.டி. ரோட்டின் இருபுறமும் புளியமரங்கள் நிழல் விரித்திருந்தன. திண்டிவனம் என்ற பெயரே 'திந்திரிணி வனம்', அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ரோடு அகலமானபோது மரங்கள் போய்விட்டன. இப்போது அங்கே பச்சையாக இருப்பது ஊர்ப் பெயர்ப் பலகைதான்.

கூட்டேரிப்பட்டில் வலது பக்கம் திரும்பியதும், யாரோ ரேடியோவை அணைத்த மாதிரி சத்தம் நின்றது. என் செயின் சத்தம் எனக்கே கேட்டது. சிறிது தூரத்தில் மயிலம் மலை.

போரில் தோற்ற சூரபத்மன், முருகனுக்கு வாகனமாக வேண்டும் என்று மயில் உருவில் மலையாகக் கிடந்து தவமிருந்த இடம் இது என்கிறது தலபுராணம். கோயிலை நிர்வகிப்பது பொம்மபுர ஆதீனம் என்ற வீரசைவ மடம். அவர்கள் நடத்தும் தமிழ்க் கல்லூரியும் இந்த ஊரில் உண்டு. இதே மாவட்டத்தில் செஞ்சிக் கோட்டைக்கு 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. மயிலம் மலைக்கு அந்த மாதிரி ஆசையெல்லாம் இல்லை. பங்குனி உத்திரம், கிருத்திகை என்றால் கூட்டம் அம்மும். முகூர்த்த நாளில் கல்யாண வேன்கள். நான் போனது இரண்டும் இல்லாத ஒரு புதன்கிழமை. மலைப் பாதையில் நானும் நாலைந்து குரங்குகளும் மட்டும்.

கொடைக்கானல்காரர்கள் பார்த்தால் இதை மலை என்று சொல்ல மாட்டார்கள், ஸ்பீட் பிரேக்கர் என்பார்கள். ஆனால் கியர் இல்லாத சைக்கிளுக்கு இதுவே இமயமலை. கணக்கு போட்டுப் பாருங்கள். இந்த வண்டியில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் சுமார் 5 மீட்டர் நகரும். பத்துக்கு ஒன்று ஏற்றம் என்றால் அந்த ஒரே சுற்றில் அரை மீட்டர் உயர வேண்டும். நான் 80 கிலோ, வண்டி 20 கிலோ. ஆக, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குவிண்டால் மூட்டையை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைக்கிறேன்! கியர் சைக்கிளில் அதே சுற்றுக்கு 2 மீட்டர்தான் நகரும். நேரம் அதிகம், பாரம் குறைவு. தவணையில் கட்டுவது போல. அட்லஸில் தவணை கிடையாது. ரொக்கம்!

பாதி வழி தாண்டியிருப்பேன். பக்கத்தில் திருவக்கரையில் 2 கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. என் இரண்டு கால்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டன. வண்டி ஆடியது. கால் ஊன்றிவிட்டேன்.

போச்சு பிரியாணி.

தள்ளிக்கொண்டு நடந்தேன். நடந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. மூச்சு முட்ட மிதிக்கும்போது முன் சக்கரம் மட்டும்தான் கண்ணில் படுகிறது. தள்ளும்போது வயல் தெரிகிறது, ஏரி தெரிகிறது, காற்று கூட முகத்தில் படுகிறது. கார் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். சைக்கிள் மட்டும்தான், முடியவில்லை என்றால் "சரி வா, சேர்ந்து நடப்போம்" என்கிறது.

மேலே பூக்கட்டிக்கொண்டிருந்த பாட்டி சிரித்தார். "தள்ளிக்கிட்டே வா ராசா. இந்த மேட்டுல இந்த வண்டிய யாரு மிதிப்பா?"

"எங்கப்பா மிதிச்சாரு பாட்டி."

"நீ பாத்தியா?"

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

பார்க்கவில்லை! அடிவாரம் வரைதான் பாரில் உட்கார்ந்து வருவேன். அங்கே அப்பா இறக்கிவிடுவார். "நீ படிய எண்ணிக்கிட்டே ஏறு. நான் ரோட்ல வர்றேன். யாரு ஃபர்ஸ்ட்டுனு பாப்போம்." ஒவ்வொரு தடவையும் நான்தான் ஃபர்ஸ்ட். அப்பா பின்னால், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவார். எனக்காகத் தோற்கிறார் என்று நினைத்திருந்தேன்.

தரிசனம் முடித்து, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்தபடி இறங்கி, வெயில் ஏறி வீடு வந்து சேர்ந்தேன். அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, நீங்க மலைக்கு மிதிச்சு ஏறினீங்களா, தள்ளிக்கிட்டு ஏறினீங்களா?"

பேப்பரை மடித்தார். "மிதிச்சேன்னு நான் எப்படா சொன்னேன்?"

"பின்ன என்னை ஏன் படியில அனுப்பினீங்க?"

கொஞ்ச நேரம் சைக்கிளையே பார்த்தார். "நீ பாத்துட்டா, அப்பாவால முடியலன்னு நினைச்சுக்குவியே... அதான்."

பிரியாணி என் செலவுதான். அதிகம் சாப்பிட்டது அப்பா. மாமா எலும்பைக் கடித்தபடி என் மானத்தையும் கடித்துக்கொண்டிருந்தபோது, என் பெண் வந்து மடியில் ஏறினாள்.

"அப்பா, நீ மலைல மிதிச்சே ஏறிடுவியா?"

எதிரே அப்பா இலையிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"அடுத்த லீவுல போவோம்டா கண்ணு" என்றேன். "நீ படிய எண்ணிக்கிட்டே ஏறு. நான் ரோட்ல வர்றேன். யாரு ஃபர்ஸ்ட்டுனு பாப்போம்!"