தூதரகப் பேட்டையில் ஒரு மேட்டுச் சவாரி

தில்லியில் மலையா என்று சிரிப்பவர்கள் சாணக்யபுரியின் மேற்கு ஓரத்தில் சைக்கிள் மிதித்துப் பார்க்க வேண்டும். ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி அங்கே முட்காடு மூடிய பாறை மேடாகக் கிடக்கிறது. தில்லிவாசிகள் அதை 'ரிட்ஜ்' என்கிறார்கள். உயரம் அதிகமில்லை. ஆனால் முழங்காலுக்குத் தெரியும்.

தூதரகங்கள் நிறைந்த சாந்தி பாத், நீதி மார்க், சத்ய மார்க் எல்லாம் அகலமான, நிழலான சாலைகள். ஏறக்குறைய சமதரை என்பதுதான் குறை. மேடு வேண்டுமென்றால் திட்டமிட வேண்டும். மூன்று விதிகள் போதும்: ஏற்றம் முதலில், இறக்கம் கடைசியில், திருப்பங்கள் இடப்புறமாகவே, போக்குவரத்து பெருகும் முன் வீடு.

சர்தார் படேல் மார்க் முனையிலுள்ள 'கியாரா மூர்த்தி' சிலையிலிருந்து கிளம்பலாம். தண்டி யாத்திரையைக் காட்டும் இந்த 11 உருவங்களை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவின் உழைப்பாளர் சிலையும் அவர் படைப்புதான். மதர் தெரசா கிரசென்ட் வழியே வடக்கே போய், சங்கர் ரோட்டில் இடப்புறம் திரும்பினால் ஏற்றம். மறுபடி இடப்புறம் வந்தே மாதரம் மார்க். காட்டுக்கு நடுவே மேடும் பள்ளமுமாகப் போகும் இந்தச் சாலையில்தான் புத்த ஜெயந்தி பூங்கா. பிறகு சைமன் பொலிவர் மார்க் வழியே சர்தார் படேல் மார்க்குக்கு இறங்கி, இடப்புறம் திரும்பினால் கிளம்பிய இடம். 14ஆம் நூற்றாண்டில் துக்ளக் காலத்தில் வேட்டைக்காகக் கட்டிய மால்ச்சா மஹால் இந்தக் காட்டில்தான் பாழடைந்து நிற்கிறது.

ஒருமுறை இதே வட்டத்தை எதிர்த்திசையில் சுற்றினேன். ஒவ்வொரு வலப்புறத் திருப்பத்திலும் விரையும் கார்களைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. ஒரு டாக்சி ஹாண்டில்பாரை உரசிக்கொண்டு போனது. இரண்டாவது விதி அன்று பிறந்ததுதான்.

மூன்றாவது விதிக்கு ஒரு விலக்கு உண்டு. நவம்பர் முதல் ஜனவரி வரை விடியற்காலைக் குளிர் புகையைத் தரையோடு அமுக்கி வைக்கிறது. மேடேறும்போது மூச்சு வாங்கும். அத்தனை புகையும் நுரையீரலுக்குள் போகும். காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டிய நாளில் சைக்கிளைப் பூட்டி வைப்பதே ஆரோக்கியம். பிப்ரவரி, மார்ச் வரை பொறுத்தால் இலவ மரங்கள் சிவப்பாகப் பூத்திருக்கும்.

குரங்குகளுக்கு மட்டும் வாழைப்பழம் நீட்டாதீர்கள். அடுத்த முறை அவை உங்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்கும்.