உருகும் ஃப்யூஸ்



1961 முதல் 1996 வரை ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள் நம் மைசூரில் உருவாயின. அப்படிப்பட்ட பழைய ஜாவா ஒன்று என்னிடம் உண்டு. அண்மையில் அதன் ஃப்யூஸ் அடிக்கடி உருகிப்போயிற்று. "தடித்த கம்பியைச் சுற்றி ஓட்டுங்கள்" என்றார் ஒருவர். அப்படிச் செய்தால் ஃப்யூஸ் தப்பும். உள்ளே வயர்கள் எரிந்துபோகும்!

மெக்கானிக் ஐயாவோ ஃப்யூஸைக் கழற்றி, அவ்விடத்தில் ஒரு பல்பை இணைத்தார். சுவிட்சுகள் யாவும் அணைந்திருந்தும் பல்பு பளிச்சென்று எரிந்தது. மின்சாரம் எங்கோ பாடியில் இறங்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஒவ்வொரு வயராகக் கழற்றினார். ஒன்றைக் கழற்றியதும் பல்பு அணைந்தது. ஹேண்டில் திரும்பும் கழுத்தருகே உராய்ந்து, தோலுரிந்த வயர் அது.

ஆயி பட்டணத்தில் இஸ்ரவேல் தோற்ற காரணமும் இவ்விதமாகவே வெளிப்பட்டது. கோத்திரம், வம்சம், வீடு, மனிதன் என வரிசையாய் வந்தபோது ஆகான் அகப்பட்டான் (யோசுவா 7).

பிழைப்புக்காக நகரத்திற்கு வந்தவர்களே, உங்கள் வீட்டின் சமாதானம் அடிக்கடி அறுந்துபோகிறதா? உறுத்தும் மனச்சாட்சியைத் தடிப்பாக்காதிருங்கள். மறைத்த கடனோ, மன்னியாத மனமோ, ஒவ்வொன்றாய்த் தேவசமுகத்தில் வையுங்கள். பழுதைக் காட்டுகிற கர்த்தர் அதைச் சீர்ப்படுத்தவும் வல்லவர். ஆமென்.