தேதி குறித்து வரும் அதிதிகள்

உங்கள் பிள்ளையோ பெண்ணோ, அக்காள் மகனோ, அடுத்த வீட்டு மருமகளோ, யாராவது ஒருவர் அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலை ஊரில் இருக்கக்கூடும். "ஊர் எப்படி?" என்று போனில் கேட்டால், "குளிர் அதிகம், லைப்ரரி பெரிசு" என்பதோடு பதில் முடிந்துவிடும். அங்கே குடித்தனம் எப்படி நடக்கிறது, அக்கம்பக்கத்தார் எப்படிப் பழகுவார்கள், விடுமுறை நாளில் என்ன செய்வார்கள் என்பதல்லவா நமக்குத் தெரிய வேண்டும்? வாருங்கள், இதாகாவுக்கு ஒரு நடை போய்வருவோம்.

நியூயார்க் நகரத்திலிருந்து பஸ்ஸில் சுமார் ஐந்து மணி நேரப் பிரயாணம். கயூகா என்ற நீண்ட ஏரியின் தெற்கு முனையில், குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது ஊர். 2020-ஆம் வருஷத்துக் கணக்குப்படி ஜனத்தொகை ஏறக்குறைய 32,000. குன்றின்மேல் கார்னெல் சர்வகலாசாலை. தந்தித் தொழிலில் பெரும் பணம் சேர்த்த எஸ்ரா கார்னெல் என்பவர் கொடுத்த நன்கொடையைக் கொண்டு 1865-ல் ஏற்பட்டது. அங்கே உள்ள மணிக்கூண்டில் 161 படிகள் ஏறினால், மாணவர்களே மணிகளில் பாட்டு வாசிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஊருக்குள்ளேயே ஓடைகள் பாறையைக் குடைந்துகொண்டு ஓடுகின்றன. சற்று வெளியே போனால் டாகானக் அருவி. உயரம் 215 அடி. நயாகராவையே மிஞ்சிய உயரம். தண்ணீர்தான் அதற்குக் கொஞ்சம் குறைச்சல்!

இதாகா என்ற பெயர் கிரேக்கக் காவியத்திலிருந்து வந்தது. யுத்தத்துக்குப் போன யுலிஸீஸ் இருபது வருஷம் கழித்துத் திரும்பி வந்த சொந்தத் தீவு அது. அதுவரை அவன் மனைவி வீட்டிலே காத்திருந்தாள். இந்தச் செய்தியை ஒரு ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆளுக்கொரு பாத்திரம்

திதி பார்க்காமல் வருகிறவர் என்பதால் விருந்தாளிக்கு 'அதிதி' என்று பெயர் வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். இதாகாவில் அந்தக் கதையே நடக்காது. அங்கே அதிதி என்றால் தேதி குறித்து, மணி குறித்து வருகிறவர்தான். ஆறு மணி என்றால் ஆறு மணி. ஐந்தே முக்காலுக்குப் போய் அழைப்பு மணியை அடித்தால் வீட்டுக்கார அம்மாள் கையில் மாவோடு திகைத்து நிற்பாள்!

இன்னொரு வேடிக்கை. விருந்துக்குக் கூப்பிடும்போதே, "எல்லாரும் பரிமாறிக்கொள்ள ஒரு பண்டம் கொண்டு வாருங்கள்" என்பார்கள். சில இடங்களில் தட்டும் கரண்டியும்கூட நாமே எடுத்துப் போகவேண்டும். "இது என்ன உபசாரம்? சாப்பாட்டையும் கொண்டு போய், தட்டையும் கொண்டு போவதா?" என்று உங்களுக்குக் கோபம் வரலாம். கொஞ்சம் பொறுங்கள். அந்த வீட்டு அம்மாள் உத்தியோகத்துக்குப் போகிறவள், சமையற்காரர் கிடையாது. இருபது பேருக்கு ஒருத்தியே சமைப்பதென்றால் வருஷத்துக்கு ஒரு விருந்துதான் நடக்கும். ஆளுக்கொன்று கொண்டுவந்தால் மாதம் ஒன்று நடக்கும். கூப்பிட வசதியில்லையே என்று யாரும் ஒதுங்கவேண்டியதில்லை.

நம் எலுமிச்சம்பழ சாதத்துக்கு அங்கே நல்ல மரியாதை. ஆனால் பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு சீட்டு வையுங்கள்: என்னென்ன சேர்த்திருக்கிறது, வேர்க்கடலை உண்டா, முந்திரி உண்டா, பால் உண்டா என்று. சிலருக்கு அவை ஒத்துக்கொள்ளாது, உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

குருவிக் கணக்கு

பனிக்காலம் நீண்டது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் அந்த மாதங்களில் இவர்களுக்குப் பெரிய பொழுதுபோக்கு, பறவை பார்ப்பது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சிறு கூண்டைத் தொங்கவிட்டுச் சூரியகாந்தி விதை போடுகிறார்கள். வெள்ளைப் பனியில் குங்குமம் சிந்தினாற்போல் கார்டினல் குருவி வந்து உட்காரும். தன் பெயரைத் தானே சொல்லிக் கூவும் சிக்கடீ, பழகிவிட்டால் உள்ளங்கையிலிருந்தே விதையை எடுத்துக்கொண்டு போகும்.

பார்த்து ரசிப்பதோடு விடுவதில்லை. கார்னெலில் 1915 முதல் பறவை ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. 1987 முதல் அந்த நிலையம் குடும்பங்களைக் கொண்டே ஒரு கணக்கு எடுத்து வருகிறது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, இரண்டிரண்டு நாளாக, நம் வீட்டுக் கூண்டுக்கு எந்தப் பறவை எத்தனை வந்தது என்று குறித்து அனுப்பவேண்டும். பாட்டியும் பேரனும் ஜன்னலருகே உட்கார்ந்து எண்ணியதெல்லாம் விஞ்ஞானிகளுக்கு உதவுகிறது. நாம் தினமும் காக்கைக்குச் சாதம் வைக்கிறோம். எத்தனை காக்கை வந்தது என்று ஒரு நாளாவது எண்ணியிருப்போமா?

சனி, ஞாயிறுகளில் ஏரிக்கரைச் சந்தை. 1973-ல் ஏற்பட்டது. முப்பது மைல் சுற்றளவில் விளைந்ததும் செய்ததும்தான் அங்கே விற்கலாம். வருஷம் இரண்டு முறை பொது நூலகத்துக்காகப் பழைய புத்தக விற்பனை நடக்கிறது. நாளாக ஆக விலை இறங்கிக்கொண்டே வரும். கடைசியில் பை நிறையப் புத்தகம் சொற்பக் காசுக்கு!

வாடகை வீட்டு வாழ்க்கை

இத்தனை கலகலப்புக்கும் அடியில் ஒரு வருத்தம் உண்டு. இது வந்து போகிறவர்களின் ஊர். 'லோலிட்டா' எழுதிய நபக்கோவ் 1948 முதல் சுமார் பத்து வருஷம் இங்கே பேராசிரியராக இருந்தார். ரஷ்யாவை விட்டு வந்த அவர் இங்கே சொந்த வீடு வாங்கவேயில்லை. லீவில் வெளியூர் போன பேராசிரியர்களின் வீடுகளிலேயே மாறி மாறிக் குடியிருந்தார். கோடையில் வண்ணத்துப்பூச்சி பிடிக்கப் போய்விடுவார். காரை ஓட்டியது மனைவி வேரா. ஒவ்வொரு முறையும் சாமான்களைக் கட்டி அவிழ்க்கும் சிரமம் இல்லத்தரசிகளுக்குச் சொல்லாமலே விளங்கும்!

மே மாதம் வந்தால் படிப்பு முடிந்தவர்கள் கிளம்புகிறார்கள். நேற்றுவரை ரசம் பொடி கடன் வாங்கிய எதிர் வீடு இன்று காலி. பழகி என்ன பயன், எப்படியும் போய்விடுவார்களே என்ற அலுப்பு வரத்தான் செய்யும்.

அதிகம் கஷ்டப்படுவது யார் தெரியுமா? மாணவனான கணவனோடு வந்த பெண். மாணவர் விசாவில் வந்தவரின் மனைவிக்கு உத்தியோகம் பார்க்க அனுமதி இல்லை. அவன் பரிசோதனைச் சாலைக்குப் போய்விடுவான். வெளியே பனி, உள்ளே அவள். யுலிஸீஸின் மனைவியை நினைவில் வைக்கச் சொன்னேனே, இதற்காகத்தான்.

வீட்டோடு இருக்கும் பெண்களைத் தேடிப் போவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1901-ல் மார்த்தா வான் ரென்ஸலர் என்ற அம்மையார், தனித்தனிப் பண்ணை வீடுகளில் இருந்த குடியானவப் பெண்களுக்காகக் கார்னெலிலிருந்து தபால் மூலம் பாடம் தொடங்கினார். முதல் பாடம் என்ன தெரியுமா? வீட்டு வேலையில் வீண் நடையை மிச்சப்படுத்துவது! ஏராளமான பெண்கள் பதில் எழுதினார்கள். அதிலிருந்து மனையியல் கல்லூரி வளர்ந்தது. 1911-ல் அவரும் தோழி ஃபிளோரா ரோஸும் கார்னெலின் முதல் பெண் பேராசிரியர்கள் ஆனார்கள். தபால் உறைக்குள் ஒரு அக்கறை இருந்தது. அதுதான் அத்தனைக்கும் விதை.

ஆகையால், உங்கள் பெண் இப்படி ஓர் ஊருக்குப் புறப்பட்டால், ஊறுகாயோடு மூடி போட்ட நல்ல பாத்திரம் ஒன்றும் பெட்டியில் வையுங்கள். "யாராவது கூப்பிடட்டும் என்று காத்திருக்காதே, முதல் அழைப்பு உன்னுடையதாக இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்புங்கள். நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம், சந்தை, குருவிக் கூண்டு என்று பேச்சுக்கு வழி இருக்கிறது. ஒரே ஒரு வருஷம் தாண்டினால் போதும், அந்த ஊரில் அவள் பழைய ஆள்! ஆகஸ்டில் எதிர் வீட்டுக்குப் புதிதாக ஒருத்தி பெட்டி படுக்கையோடு வந்து விழித்துக்கொண்டு நிற்பாள். அன்றைக்கு மட்டும் தேதியும் மணியும் பார்க்காமல், சூடாகக் கொஞ்சம் ரசத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டச் சொல்லுங்கள்.