சைபர் காட்டினா மருந்து போயிட்டா?

இன்சுலின் பேனையின் பின்பக்கத்தில் ஒரு சின்ன யன்னல் இருக்கும். அதுக்குள்ள ஒரு எண் தெரியும். ஊசி போட்டு முடிய அது சைபருக்கு வரவேண்டும் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்புவார்கள். சரியான அறிவுரைதான். ஆனா அந்தச் சைபருக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்: சுத்தின திருகு திரும்பி வந்துவிட்டது. மருந்து தோலுக்குக் கீழே போனதா, தோலுக்கு மேலே வழிந்ததா, இல்லாட்டி குழாய்க்குள்ளேயே நிற்குதா என்பதெல்லாம் அதுக்குத் தெரியாது.

எங்கட அம்மம்மா கொக்கட்டிச்சோலையில், தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குக் கிட்ட இருக்கிறா. வயது 73. சீனி வருத்தம் வந்து 20 வருசத்துக்கு மேல. கண் கொஞ்சம் மங்கல், வலது பெருவிரல் மூட்டில் வாதம். கிளினிக்கில் தாற போத்தல் மருந்தைச் சிரிஞ்சில் இழுக்கிற நேரம் அந்தச் சின்னக் கோடுகள் தெரியுதில்ல என்று சொன்னதால, சுவிஸில் இருக்கிற மாமா காசு அனுப்ப, பேனை வாங்கத் தொடங்கினோம். காலையில் 14 யூனிட், இரவு 8.

பேனை வந்தபிறகு சீனி குறையவேண்டும் இல்லையா? கூடியது. அடுத்த கிளினிக்கில் அளவை 18, 10 என்று ஏத்தினார்கள். அப்பவும் இறங்கவில்லை. அப்போ யாரில சந்தேகம் வரும்? மனுசியிலதான். கோயில் திருவிழா நேரம் பாயசம் குடிச்சிருப்பா, பக்கத்து வீட்டுல போய் தேத்தண்ணிக்கு ரெண்டு கரண்டி சீனி போட்டிருப்பா என்று ஆளுக்கொரு கதை. சின்னம்மா சீனிப் போத்தலை மேல் றாக்கையில் தூக்கி வைத்தா. அம்மம்மா ஒண்டும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கிப்போட்டா. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இன்சுலின் போடுற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டைக் குறைக்கிறது விளையாட்டில்லை.

நான் வந்தாறுமூலை கம்பஸில் படிக்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் வீடு. அந்த வெள்ளி வந்து பார்த்தால், இரவுச் சாப்பாட்டுக்கு முன் 318. பேனையைக் கையில் எடுத்தேன். மூடிக்குள்ள ஊசி பூட்டினபடியே இருந்தது. கண்ணாடிக் குழாயில் இன்னும் 90 யூனிட் அளவில் மருந்து. பாமசி பில்லைத் தேடி எடுத்துத் திகதியைப் பார்த்தேன். பேனையைத் தொடங்கி அன்றைக்கு 15ஆம் நாள்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்க. ஒரு பேனையில் 3 மில்லிலீற்றர், அதாவது 300 யூனிட். ஒரு நாளைக்கு 28 யூனிட் போனால் 11ஆம் நாளே முடிந்திருக்க வேண்டும். 15 நாளில் போயிருக்க வேண்டியது 420. போனது 210. சரியாகப் பாதி! பாயசக் கதையெல்லாம் அந்த இடத்திலேயே முடிந்தது.

“அம்மம்மா, நீங்க எப்படிப் போடுறீங்க எண்டு ஒருக்காக் காட்டுங்க, மருந்து போடாம சும்மா” என்றேன். திருகிக் காட்டினா, வயித்துக்கு நேரே பிடிச்சுக் காட்டினா. “அமத்தக்குள்ள அரைவாசியில இறுகிப் போகுது மனே. விரல் நோகுது. எடுத்துப் பார்த்தா எட்டு, ஒன்பது எண்டு நிக்கும். பிறகு நான் அதச் சைபருக்குச் சுத்தி விட்டுருவன். மிஸ்ஸிதான் சொன்னா, கடைசியில சைபர் நிக்கோணும் எண்டு.”

மிஸ்ஸி சொன்னதும் பிழையில்லை, அம்மம்மா செய்ததும் அவ விளங்கிக்கொண்டபடி சரி. நிறையப் பேனைகளில் திருகைப் பின்னால் சுத்தினால் மருந்து வெளியே வராமலே எண் சைபருக்குப் போகும். கூடுதலாகத் திருகிவிட்டால் திருத்துகிறதுக்கு என்று செய்து வைத்த வசதி அது. அரைவாசியில் நிற்கிற எண், இன்னும் போகாமல் மிச்சமிருக்கிற அளவு என்று யாரும் அவவுக்குச் சொல்லவில்லை. பெட்டிக்குள்ள இருந்த விளக்கத் தாளை விரித்தால் மேசை நிறையும். முழுக்க இங்கிலீஷ்.

சரி, ஏன் இறுகியது? அதைக் கண்டுபிடிக்கிறது கஷ்டமில்லை, ஆனா உடம்பில் குத்திப் பார்த்துச் சோதிக்கக் கூடாது. கையைக் கழுவினோம். பழைய ஊசியோடேயே 2 யூனிட் திருகி, நுனியை மேலே பார்க்கப் பிடித்து, குழாயை விரலால் மெல்லத் தட்டி அமத்திப் பார்த்தேன். ஒண்டும் வரவில்லை, திருகும் அசையவில்லை. பலமாக அமத்தவில்லை, அமத்தவும் கூடாது, உள்ளே இருக்கிற பொறிமுறை உடையும். பழைய ஊசியைக் கழட்டி, புது ஊசியை நேராகப் பூட்டினேன். சரிவாகப் பூட்டினால் அதன் பின்முனை றப்பரைக் குத்தாமல் வளைந்துவிடும். வெளி மூடி, உள் மூடி இரண்டையும் எடுக்கவேண்டும். உள் மூடியை எடுக்காமலே போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள், மருந்து முழுக்க மூடிக்குள்ளதான் நிற்கும். திரும்பவும் 2 யூனிட். முதல் தரம் காத்துத்தான் வந்தது. இரண்டாம் தரம் நுனியில் ஒரு துளி.

ஆக பேனையில் பழுதில்லை. ஊசிதான் அடைத்துப்போயிருந்தது. ஒரு ஊசியை ஒரு தரம்தான் பாவிக்க வேண்டும். அம்மம்மா ஒன்றை ஒரு கிழமைக்கு மேல் வைத்திருந்தா. மிச்ச மருந்து உள்ளே காய்ந்து கட்டியாகிவிடும், அவ்வளவு மெல்லிய துவாரம் அது. பூட்டினபடியே வைத்தால் வெக்கைக்கும் குளிருக்கும் மருந்து விரிந்து சுருங்கி, காத்து உள்ளே போகும், மருந்து கசியும். புது ஊசி போட்டும் நாலைந்து தரம் துளி வராவிட்டால்தான் பேனையில் சந்தேகப்பட வேண்டும். அப்போ அதைத் திறந்து பார்க்கவோ, சிரிஞ்சால் குழாயிலிருந்து உறிஞ்சவோ வேண்டாம். வேற பேனைதான்.

இதுக்குப் பிறகுதான் உண்மையான கேள்வி. சீனி 318. மருந்து பாதிதான் போயிருக்கு. அப்படியென்றால் விட்டுப்போனதையும் சேர்த்துக் கூடப் போடுவமா? சின்னம்மா அப்படித்தான் சொன்னா. எனக்கு வேற கணக்கு ஓடியது. 18, 10 என்ற அளவு வந்ததே 14ம் 8ம் வேலை செய்யவில்லை என்ற நம்பிக்கையில். அந்த 14ம் 8ம் அவவுடைய உடம்புக்குள் முழுசாகப் போனதே இல்லை. இப்போ புது ஊசியில் 10 யூனிட்டும் முழுசாகப் போகும், அதுவும் அரைவயித்துச் சாப்பாட்டோட. நடுச்சாமத்தில் சீனி இறங்கினால், தனிய அறையில் படுக்கிற மனுசி, யாருக்குத் தெரியும்?

கிளினிக் கொப்பியில் இருந்த நம்பருக்கு எடுத்து நடந்ததை அப்படியே சொன்னோம். டொக்டர் முதலில் கேட்டது சத்தி இருக்கா, மூச்சு வாங்குதா, தடுமாறிக் கதைக்கிறாவா என்று. அப்படி ஏதாவது இருந்தால் போனில் கதைத்துக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரச் சொன்னார். ஒண்டும் இல்லை. அப்போ இரவைக்குப் பழைய 8 யூனிட் மட்டும், விட்டதைச் சேர்க்க வேண்டாம், சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம், நடுச்சாமம் ஒருக்காப் பாருங்க, திங்கள் கூட்டி வாங்க என்றார். இது எங்கட அம்மம்மாவுக்குச் சொன்னது. உங்கட வீட்டு ஆளுக்கு வேற சொல்லுவார்கள். பேனை அரைவாசியில் நின்று, எவ்வளவு போனது என்று தெரியாவிட்டால் மதிப்பில் திருப்பிப் போடாமல், சீனியைப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும். அது எல்லாருக்கும் ஒன்றுதான்.

வெளியே வைத்திருந்த பேனையை விட்டுவிட்டு பிரிஜில் இருந்த புதுசைத் திறந்தோம். பழையது யன்னலோரத்தில் வெயில் படுகிற இடத்தில் கிடந்தது, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவ பாவிக்கிறது பால் மாதிரிக் கலங்கின வகை. உள்ளங்கைகளுக்கு நடுவில் 10 தரம் உருட்டி, 10 தரம் மேலும் கீழும் சரித்து, முழுக்க ஒரே வெள்ளையாக வந்தபிறகுதான் போட வேண்டும். கட்டி கட்டியாக நின்றால் வீசவேண்டியதுதான். போட்டு, எண் சைபருக்கு வந்தபிறகும் அமத்தின விரலை எடுக்காமல் 10 வரைக்கும் எண்ணச் சொன்னேன். அவ ஆறுதலாக எண்ணினா, பத்தில் நிற்காமல் பதினைஞ்சு மட்டும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் சீனியும் தண்ணியும் வைத்தோம், றாக்கையிலிருந்து அதே சீனிப் போத்தலை இறக்கி. 70க்குக் கீழ் இறங்கினால் நிறைத்து மூன்று, நாலு தேக்கரண்டி சீனி கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிசத்தால் திரும்பப் பார்க்க வேண்டும். மயங்கின ஆளின் வாயில் எதுவும் ஊத்தக் கூடாது. இரவு 3 மணிக்கு 171. விடிய 148.

இந்தப் பேனை வந்ததே மனுசருக்கு லேசாக்கத்தான். 1921இல் ரொறன்ரோவில் இன்சுலினைக் கண்டுபிடித்து, 1922 ஜனவரியில் ஒரு 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாகப் போட்டார்கள். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைத் தலா 1 டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதுக்குப் பிறகு கனகாலம் கண்ணாடிச் சிரிஞ்சை அவித்து அவித்துப் போட்டதுதான். டென்மார்க்கின் நோவோ கொம்பனி முதல் பேனையை விற்பனைக்கு விட்டது 1985இல். இன்றைக்கு மருந்து ஒரு பக்கம் இருக்க, ஊசி வாங்குகிறதுக்கே கணக்குப் பார்க்கிற நிலைமையில் படுவான்கரையில் எத்தனை வீடு. நாளுக்கு 2 ஊசி, மாசம் 60. அம்மம்மா சேமித்தது கஞ்சத்தனத்தில் இல்லை.

2022ஐ மறக்கேலாது. மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. எங்கட பக்கம் தயிர்ச்சட்டிக்குக் குறைவில்லை. ஒரு சட்டிக்குள் ஈர மணல் போட்டு, அதுக்குள் சின்னச் சட்டி வைத்து, பொலித்தீனில் சுத்தின மருந்தை வைத்து, மேலே ஈரச் சீலை போட்டார்கள். மணல் ஈரம் காயக் காயச் சட்டி குளிரும். வாவிக் காத்தில் ஈரம் கூடின நாளில் அவ்வளவாகக் குளிராது, என்றாலும் தகரக் கூரைக்குக் கீழே சும்மா வைக்கிறதை விட நல்லம். பிரிஜில் ஐஸ் பெட்டியோடு ஒட்டி வைத்து மருந்து உறைந்தால் அது உருகினாலும் உதவாது.

இன்னுமொன்று. சென்னைக்குப் போய் வாற சொந்தக்காரர் அன்பில் சிரிஞ்ச் வாங்கி வருவார்கள். அங்கே 40 யூனிட் போத்தலும் அதுக்கான சிகப்பு மூடிச் சிரிஞ்சும் புழக்கத்தில் இருக்கு. இங்கே மருந்து 100 யூனிட். இந்த மருந்தை அந்தச் சிரிஞ்சில் 10 என்று இழுத்தால் போகிறது 25. அன்போடு வாங்கி, அலுமாரியில் வைத்துப் பூட்டுங்க. அதேபோல் பேனையைப் பக்கத்து வீட்டுக்கு ஊசி மாத்தித்தானே என்று கடன் கொடுக்கவும் வேண்டாம். ஒரு பேனை ஒரு ஆளுக்குத்தான், குத்தும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் குழாய்க்குள் ஏறும்.

திங்கள் கிளினிக்கில் அளவைத் திரும்ப 14, 8 ஆக்கினார்கள். இப்போ கலண்டரில் பேனை திறந்த திகதியை அம்மம்மாவே பென்சிலால் கீறி வைக்கிறா. பாவித்த ஊசிகள் ஒரு தடித்த சோப்பு போத்தலுக்குள் போகும், நிறைந்ததும் கிளினிக்கில் கொடுப்போம். வளவில் வீசினால் மாட்டின் காலிலோ பிள்ளைகளின் காலிலோ ஏறும். வெள்ளிக்கிழமை வந்ததும் அந்தப் போத்தலைக் கவிழ்த்து எண்ணுவேன். போன கிழமை 14 இருக்க வேண்டும். 13தான் இருந்தது. கேட்டேன். “ஒண்டுதானே மனே” என்றா.